தகடு பாதி, காற்று பாதி: ஆக்சில் உறையும் வெப்பக் கவசமும்

முன்சக்கரங்களால் ஓடும் காரை லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்த்தால், கியர்பாக்ஸின் இரு பக்கத்திலிருந்தும் சக்கரங்களுக்குப் போகும் இரண்டு எஃகுத் தண்டுகள் தெரியும். ஒவ்வொரு தண்டின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர் உறை மாட்டியிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் அதை ஆக்சில் பூட் என்பார்கள். ஆக மொத்தம் நான்கு உறைகள். மூன்று உறைகள் வருடக்கணக்கில் உழைக்க, ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வெடிக்கிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் அதே பக்கம், அதே உள்முனை என்றால், குற்றவாளியைப் பக்கத்தில் ஓடும் எக்சாஸ்ட் குழாயில் தேட வேண்டும். ஆனால் வழக்கமாக நடப்பது வேறு. கிழிந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டி, கிரீஸ் அடைத்து, கிளாம்ப் இறுக்கி வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். சூட்டைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அந்தச் சூட்டை மறிக்க ஒரு தகடு போதும் என்பதும், அந்தத் தகடு பெரும்பாலும் காரோடு வந்து எங்கோ கழற்றிப் போடப்பட்ட ஒன்று என்பதும் கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்.

உறைக்குள் இருப்பது சி.வி. ஜாயின்ட். சக்கரம் மேலும் கீழும் ஆடினாலும், ஸ்டியரிங்கோடு திரும்பினாலும், சுழற்சி வேகம் மாறாமல் கடத்தும் மூட்டு அது. சக்கரத்தை ஒட்டிய வெளிமூட்டில் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் ஓடும். 45 டிகிரி வரையிலும்கூட வளைந்து கொடுக்கும். கியர்பாக்ஸை ஒட்டிய உள்மூட்டு அவ்வளவு வளையாது. ஆனால் உள்ளும் வெளியும் சறுக்கி, சஸ்பென்ஷன் ஆடும்போது தண்டின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும். இரண்டுக்கும் உயிர் கிரீஸ். கிரீஸுக்குக் காவல் உறை. உறையில் விரல் நீள வெடிப்பு விழுந்தால் போதும், தண்டு சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். அதே வழியில் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். பிறகு வெளிமூட்டென்றால் திருப்பத்தில் டக் டக் சத்தம், உள்மூட்டென்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கையில் நடுக்கம். சுத்தமான கிரீஸோடு மூடிக் கிடந்தால் காரின் ஆயுள் முழுக்க வரக்கூடிய மூட்டு, மலிவான ஒரு ரப்பர் உறை போனதால் சாகிறது.

மூட்டுக்கும் எக்சாஸ்டுக்கும் ஆதியில் பகை இருந்ததில்லை. குண்டு மூட்டுக்கு ஆல்ஃபிரெட் ரெஸெப்பா அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1920களில். அது சாதாரண மக்களின் காருக்கு வந்து சேர்ந்தது 1959இல், பிரிட்டனின் மினி காரோடு. ஜப்பானில் 1966இல் வெளிவந்த சுபாரு 1000 காருக்காக டோயோ பேரிங் நிறுவனம், அதாவது இன்றைய என்.டி.என்., சறுக்கும் வகை உள்மூட்டை உருவாக்கிக் கொடுத்தது. இந்தியாவில் முன்சக்கர இயக்கத்தைத் தெருவுக்குத் தெரு கொண்டுவந்தது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. அதற்கு முன் நம் சாலைகளை ஆண்ட அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கரங்களால் ஓடியவை. அவற்றின் முன்பக்கத்தில் இப்படி ஓர் உறைக்கே வேலை இல்லை.

இன்னொரு பக்கம் புகைக் கட்டுப்பாடு வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து, எக்சாஸ்டில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பரவலானது. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. கன்வெர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் வேலையைத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில் வரும் புகைதான் அதிக நச்சு என்பதால், விதிகள் இறுக இறுக, கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடாக வேண்டுமென்று அதை எஞ்சினுக்கு அருகே நகர்த்தினார்கள். காரின் நடுவயிற்றில் தொங்கியது, இன்று பல கார்களில் எக்சாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதியை ஒட்டி, டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டியும் சேர்ந்துகொண்டது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் உள்ளே வெப்பம் 600 டிகிரியை எட்டும். நாம் சுவாசிக்கும் காற்றுக்கு இதெல்லாம் நல்லதே. இவற்றை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் காரின் மிகச் சூடான உறுப்பும் சூட்டைத் தாங்கவே முடியாத உறுப்பும் இதனால் ஒரு சாண் இடத்துக்குள் வந்து நெருங்கிவிட்டன.

இந்த நெருக்கத்தைத் தெளிவாகப் பார்க்க சுபாரு கார்தான் சரியான சான்று. அதன் எஞ்சினில் சிலிண்டர்கள் இடமும் வலமுமாக எதிரெதிரே படுத்திருக்கும். பாக்ஸர் அமைப்பு என்பார்கள். எக்சாஸ்ட் துளைகள் கீழ்நோக்கித் திறப்பதால் குழாய்கள் எஞ்சினுக்கு அடியில் ஓடி, ஒன்று சேர்ந்து, பின்னால் போகின்றன. அங்கேதான் கன்வெர்ட்டர். முன்சக்கரத் தண்டுகளும் எஞ்சினுக்குச் சற்றுப் பின்னால், கியர்பாக்ஸிலிருந்து கிளம்புகின்றன. இரண்டும் குறுக்கிடும் இடத்தில், வலப்பக்க உள்மூட்டின் உறை கன்வெர்ட்டரோடு முகத்துக்கு முகம் நிற்கிறது. லெகசி, அவுட்பேக், ஃபாரஸ்டர் மாடல்களைப் பல வருடம் ஓட்டிய அமெரிக்கர்களுக்கு இது பழகிப்போன பழுது. முதலில் மூக்குக்குத் தெரியும். சிக்னலில் நிற்கையில் கருகிய கிரீஸ் வாடை வரும். பானட் ஓரத்திலிருந்து மெல்லிய புகையும் வரலாம். அடியில் பார்த்தால் உறையின் மடிப்புப் பள்ளத்தில் வெடிப்பு, அதற்கு நேரே கன்வெர்ட்டர் மேல் கறுத்துப் பொரிந்த கிரீஸ் திட்டு. எதிர்ப்பக்க உறை அதே வயதில், அதே தூரம் ஓடியும், விரலால் அமுக்கினால் மெத்தென்று திரும்பி எழும்பும். இரண்டையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பார்த்தவருக்கு வேறு சாட்சி தேவைப்படாது.

கம்பெனிக்காரர்கள் இதை அறியாமல் இல்லை. கன்வெர்ட்டரைச் சுற்றி மேலும் கீழுமாக இரண்டு தகட்டு ஓடுகளை மூடித்தான் காரை அனுப்புகிறார்கள். வட அமெரிக்காவின் பனிப் பகுதிகளில் குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவுவதால், அந்தத் தகடுகள் துருவேறி, பற்றவைத்த புள்ளிகள் விட்டுப்போய், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கரகரவென்று அதிரும். அந்தச் சத்தத்துக்குப் பொறுமையான வைத்தியம் உண்டு. அகலமான ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் தகடும் பிழைக்கும், சத்தமும் நிற்கும். ஆனால் பலர் தகட்டைப் பிய்த்துக் குப்பையில் போடுகிறார்கள். சத்தம் அன்றே நின்றுவிடுகிறது. கொஞ்ச காலம் கழித்து உறை வெடிக்கிறது. இரண்டுக்கும் இடையில் மாதங்கள் ஓடிவிடுவதால் ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்கள் பலவற்றில் வேறொரு ஏற்பாடு. உள்மூட்டுக்கு நேர் மேலே, எக்சாஸ்டைப் பார்த்தபடி, கையகல வளைந்த தகடு ஒன்றை எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள். தண்டைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் இதைக் கழற்ற வேண்டும். போல்ட் எட்டாத இடத்தில் இருக்கும். வேலை முடிந்து எல்லாம் மாட்டியபின் இந்தத் தகடு மட்டும் பெஞ்சில் கிடக்கும். இதில்லாமலும் கார் ஓடும் என்பதுதான் இதன் துரதிர்ஷ்டம். ஒர்க்‌ஷாப்புகளில் நிலவும் இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வெப்பக் கவசம் பற்றிய பேச்சில் பாதி, புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், இருந்ததை இருந்த இடத்தில் திரும்ப மாட்டச் சொல்வதோடு முடிந்துவிடும்.

இனி சூடு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். உறை குழாயைத் தொடுவதில்லை. ஆகவே தொட்டுக் கடத்தும் வெப்பம் இங்கே முக்கியமில்லை. கார் ஓடும்போது காற்று சூட்டை அடித்துக்கொண்டு போகும். மிஞ்சுவது கதிர்வீச்சு. ஒரு பரப்பு வீசும் கதிர்வெப்பம் அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பது ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதி. 250 டிகிரியில் உள்ள கரும்பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 4.2 கிலோவாட் வீசும். 500 டிகிரியில் அது 20 கிலோவாட்டைத் தாண்டிவிடும். தெர்மாமீட்டரில் எண் இரட்டிப்பாகும்போது ரப்பர் மேல் விழும் வெப்பம் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குத் தருவது சுமார் 1 கிலோவாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு சாண் தூரத்தில், கறுப்பு ரப்பருக்கு எதிரே, அத்தனை சூரியன்கள்.

கதிர்வீச்சு என்று புரிந்துவிட்டால் மருந்தும் எளிது. நடுவே எதை வைத்தாலும் மறையும். ஆனால் எதை வைக்கிறோம் என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டு பரப்புகள் நேருக்கு நேர் நிற்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், துருவேறிய கறுத்த தகடு ஒன்றை நடுவில் நிறுத்தும்போது கதிர்வெப்பம் ஏறக்குறையப் பாதியாகும். இருபுறமும் பளபளக்கும் அலுமினியத் தகட்டை நிறுத்தினால் பதினைந்தில் ஒரு பங்காகும். உண்மையான காரில் விளிம்புகள் வழியே சூடு கசியும், காற்றும் சூடாகும், ஆகவே அந்தப் பதினைந்தில் ஒன்று கைக்கு வராது. இருந்தும் திசை அதுதான். பளபளப்பு அலங்காரத்துக்கு இல்லை. வேலையில் பெரும்பங்கு அதனுடையது. மீதிப் பங்கு காற்றினுடையது. தகடும் கொஞ்சம் சூடாகும். அந்தச் சூட்டை இரு பக்கமும் ஓடும் காற்று எடுத்துப் போக வேண்டும். தகட்டைக் குழாயோடு ஒட்டினாலும் உறையோடு ஒட்டினாலும் அதுவே இன்னொரு சூடான சுவராகிவிடும். வெயிலுக்குப் பந்தல் போடுகிறவர் கீற்றைத் தலைக்கு மேல் உயர்த்திக் கட்டுகிறார், தலையிலேயே போர்த்திக்கொள்வதில்லை. இங்கேயும் அதே நியாயம்.

ரப்பரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய கார்களின் உறைகள் பெரும்பாலும் நியோபிரீன் எனப்படும் குளோரோபிரீன் ரப்பர். தொடர்ந்து 100 டிகிரி வரை அது சமாளிக்கும். 120க்கு மேல் நெடுநேரம் வைத்தால் இறுகத் தொடங்கும். ரப்பரை வேகவைத்துப் பதப்படுத்திய வேதிவினையே அந்தச் சூட்டில் மெல்லத் தொடர்வதால், வளைய வேண்டிய மடிப்பு வளையாமல் வெடிக்கிறது. 10 டிகிரி கூடினால் ரப்பரின் ஆயுள் பாதியாகும் என்பது துறையினர் கையில் வைத்திருக்கும் தோராய விதி. துல்லியமானதில்லை என்றாலும், 30 டிகிரி குறைப்பது எவ்வளவு பெரிய லாபம் என்பதை அது காட்டிவிடுகிறது. பிறகு வந்தது பிளாஸ்டிக் போன்ற கடினமான பாலியெஸ்டர் எலாஸ்டமர். டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய ஹைட்ரெல் அந்த வகை. கல்லடிக்கும் தேய்மானத்துக்கும் நன்றாகத் தாங்குவதால் வெளிமூட்டுகளில் அது நிலைபெற்றது. சூட்டில் நியோபிரீனைவிட ஓரளவே மேல். சிலிக்கோன் 200 டிகிரி வரை மென்மையாகவே இருக்கும். ஆனால் கிழிசலுக்கும் எண்ணெய்க்கும் பலவீனமானது. சூட்டுக்கு அருகே சிலிக்கோன் உறை போட்டால் கவசமே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் கிரீஸை மறந்துவிடுகிறார்கள். லித்தியம் சோப்பில் செய்த சாதாரண கிரீஸ் 180, 190 டிகிரியில் உருகி ஒழுகும். அதற்கு வெகு முன்பே அதன் எண்ணெய் பிரிந்து வற்றிவிடும். உறை பிழைத்து உள்ளே மூட்டு வறண்டால் என்ன லாபம்? தகடு இரண்டையும் காக்கும்.

ஆனாலும் உறை கிழிந்தால் உடனே தகடு வெட்ட உட்கார வேண்டாம். எந்த உறை, எப்படிக் கிழிந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். வெளிமூட்டு உறை போவதற்குப் பெரும்பாலும் ஸ்டியரிங் திருப்பத்தின் வளைவும் வயதும் கல்லும் காரணம். நேர்க்கோட்டில் சீராக வெட்டியதுபோல் இருந்தால் ஏதோ உரசியிருக்கிறது. குறுகிய வாயருகே கிழிந்தால் கிளாம்ப் தப்பாகப் போட்டிருக்கலாம். ரப்பர் ஊதிப் பிசுபிசுத்தால் மேலேயிருந்து எஞ்சின் ஆயில் சொட்டுகிறது என்று பொருள். உள்மூட்டில், எக்சாஸ்டைப் பார்த்த இடத்தருகே, ரப்பர் ஓடுபோல் இறுகி, மடிப்புப் பள்ளத்தில் சுற்றாக வெடித்திருந்தால்தான் அது சூட்டின் வேலை.

சூடு என்று உறுதியான பிறகும் ஒரு கேள்வி உண்டு: இந்தக் குழாய் இவ்வளவு சுட வேண்டியதுதானா? ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் சரியாக விழாமல் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போனால் அது அங்கே எரியும். கன்வெர்ட்டர் 1000 டிகிரிக்கு மேல் ஏறி இருட்டில் செக்கச்செவேலென்று ஒளிரும். எக்சாஸ்ட் இணைப்பில் கேஸ்கெட் போயிருந்தால் சூடான வாயு ஊதுகுழல்போல ஒரே இடத்தில் அடிக்கும். உறை அதன் வழியில் இருந்தால் வாரக்கணக்கில் முடிந்துவிடும். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் மாட்டும் தகடு நோயை மறைக்கும், அவ்வளவுதான். அலுமினியம் 660 டிகிரியில் உருகுவது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் பொருள்களில் சிலவற்றை நான் அறவே வேண்டாம் என்பேன். உறையின் மேலேயே சுற்றும் வெள்ளித்தாள் துணி அவற்றில் முதலாவது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தண்டு நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்றுச் சுற்றும்; உறையின் மடிப்புகள் ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து சுருங்கும். மேலே சுற்றிய துணி அங்கேயே நிற்காது. நின்றாலும் உள்ளே விழும் வெடிப்பைக் கண்ணுக்கு மறைத்துவிடும். எக்சாஸ்ட் குழாயில் சுற்றும் கண்ணாடியிழை நாடா வெளிச்சூட்டைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் குழாயின் உலோகத்தை மேலும் சூடாக வைக்கும், மழைநீரைப் பிடித்துவைத்துத் துருவேற்றும். பந்தயக் காருக்குப் பொருந்தலாம். மழையில் நனைந்து வெயிலில் காயும் குடும்பக் காருக்குப் பொருந்தாது. கன்வெர்ட்டர் மேல் அதைச் சுற்றவே கூடாது. பசை தடவிய தங்கநிறத் தாளின் பலவீனம் அதன் பசைதான். கன்வெர்ட்டர் பக்கத்தில் அது நெடுநாள் ஒட்டாது. தண்டைக் கழற்றாமல் மாட்டலாம் என்று நீளவாட்டில் பிளந்து ஒட்டும் உறைகளும் விற்கிறார்கள். ஒட்டு எப்போதும் சூட்டில் முதலில் விடும் இடம்.

சரியான கவசம் பார்க்கச் சாதாரணமானது: வளைத்த ஒரு தகடு, இரண்டு மூன்று பிராக்கெட், சில போல்ட். உங்கள் மாடலுக்கான கம்பெனித் தகடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதைவிடப் பொருத்தமாக நம்மால் வெட்ட முடியாது. பழைய காராக இருந்து கிடைக்காவிட்டால், அல்லது எஞ்சினோ டர்போவோ மாற்றியதால் குழாயின் பாதையே மாறிவிட்டிருந்தால், செய்துகொள்ள வேண்டியதுதான். முதலில் கெட்டி அட்டையில் வடிவம் வெட்டி இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உறையின் பார்வையிலிருந்து யோசித்தால் வடிவம் தானே வரும்: உறை இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் சூடான உலோகம் எந்தக் கோணத்திலும் தெரியக்கூடாது. இரு பக்கமும் குறைந்தது ஒரு விரல் அகலம், இடமிருந்தால் 25 மில்லிமீட்டர், காற்றுக்கு விட வேண்டும். உறையைக் குழல்போல முழுக்க மூடிவிடக் கூடாது. கீழ்ப்பக்கமும் ஓரங்களும் திறந்திருந்தால்தான் காற்று ஓடும், உறையையும் பார்க்க முடியும்.

எங்கே பிடிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாடியில் ஒரு துளை போட்டு மாட்டுவது எளிது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் கிளட்ச் விடும்போதும் எஞ்சினும் கியர்பாக்ஸும் தம் ரப்பர் மவுண்டில் உருள்கின்றன. பாடி அசையாமல் நிற்கிறது. உள்மூட்டு கியர்பாக்ஸோடு சேர்ந்து ஆடும். எக்சாஸ்டின் முன்பகுதியும் எஞ்சினோடு சேர்ந்து ஆடும். தகடும் எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ பிடித்திருந்தால் மூன்றும் ஒன்றாக ஆடும், இடைவெளி மாறாது. பாடியில் பிடித்தால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தகடு உறையை நெருங்கி விலகும். என்றாவது ஒருநாள் உரசி, காக்க வந்ததே கிழித்துவிடும். ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளையே பயன்படுத்துவது நல்லது. அதற்கு முன் அந்த போல்ட் எதைத் தாங்குகிறது, தகட்டின் கனம் சேர்ந்தாலும் புரி போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அலுமினியம் வெட்டவும் வளைக்கவும் எளிது, பளபளப்பும் நெடுநாள் நிற்கும். ஒரு மில்லிமீட்டர் தடிமன் போதும். மிக அருகில் என்றால் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாதுகாப்பு. பிராக்கெட்டுக்கு ஸ்டெயின்லெஸ்தான் என் தேர்வு. அலுமினியத்தைவிடப் பல மடங்கு குறைவாகவே சூட்டைக் கடத்தும். விளிம்புகளை உள்பக்கம் மடக்கிவிட வேண்டும். கை அறுபடாது, ரப்பரும் அறுபடாது, தகடு விறைப்பாக நின்று அதிராது. நட்டுகளில் ஒரு கவனம்: அதிர்வில் கழலாதென்று பலர் நைலாக் நட்டை எடுப்பார்கள். அதற்குள் உள்ள நைலான் வளையம் இந்தச் சூட்டில் இளகிப் பிடி விட்டுவிடும். முழுக்க உலோகத்தாலான லாக் நட் கேட்டு வாங்குங்கள். ஆக்சிஜன் சென்சாரின் ஒயர், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் எதுவும் தகட்டைத் தொடக் கூடாது. உறையைக் காக்கப் போய் சூட்டை அவற்றின் பக்கம் திருப்பிவிடவும் கூடாது.

மாட்டியபின் சோதனை. சக்கரம் காற்றில் தொங்கும் நிலையில் ஒருமுறை, கார் தரையில் பாரத்தோடு நிற்கும் நிலையில் ஒருமுறை இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திருப்பிப் பார்க்க வேண்டும். உறையின் அகன்ற வாய் அசையாது. குறுகிய வாய்ப்பக்கம்தான் தண்டோடு மேலும் கீழும் ஊசலாடும். ஆகவே அந்தப் பக்கம் இடைவெளி கூடுதலாக வேண்டும். ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய கார்களிலும், உயர்த்திய கார்களிலும் தண்டின் கோணமே மாறியிருக்கும். அங்கே கம்பெனித் தகடுகூட உரசக்கூடும்.

நம் ஊருக்கு மட்டுமான ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் உளுந்து, கொள்ளுச் செடிகளை வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று பரப்பி வைக்கிறார்கள். காய்ந்த கொடி தண்டில் சுற்றிக்கொண்டு, கன்வெர்ட்டருக்கு அருகே திணிந்தால் தீப்பிடிக்கும். கன்வெர்ட்டரின் அடித்தகடு இருப்பதற்கு ஒரு காரணமே காய்ந்த புல் சூட்டு உலோகத்தில் படாமல் தடுப்பது. நாம் புதிதாக மாட்டும் தகட்டின் மேல்விளிம்பு வைக்கோலைப் பிடித்துச் சேர்க்கும் தொட்டியாகிவிடக் கூடாது. மேலே குழிவாக வளைக்காமல், எது விழுந்தாலும் சரிந்து கீழே போகும்படி வளைக்க வேண்டும். மழைநீரும் சேறும் தங்காமலிருக்க அதே வளைவு உதவும். சேறு படிந்து காய்ந்த தகட்டின் பளபளப்பு போய்விடும். அதோடு பதினைந்தில் ஒன்று என்ற கணக்கும் பாதிக்கு இறங்கிவிடும். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது அந்தத் தகட்டின் இரு முகத்தையும் துடைக்கச் சொல்வது வீண் சிரமமில்லை.

தகடு சூட்டை அடைத்துக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. இடைவெளி விட்டு, ஒரு பக்கம் மட்டும் நிற்கும் தகடு அப்படி அடைப்பதில்லை. சுற்றிக் கட்டும் நாடாவைப் பற்றித்தான் அந்தக் கவலை நியாயம்.

தகடு பலன் தந்ததா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். குறிப்பிட்ட வெப்பநிலை தாண்டியதும் நிறம் மாறி, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்பாத வெப்பப் பட்டைகள் கிடைக்கின்றன. ஒன்றை உள்மூட்டின் உலோகக் கிண்ணத்தில், உறை தொடங்கும் இடத்தை ஒட்டி, சுத்தம் செய்து ஒட்டி, தகடு மாட்டுவதற்கு முன் ஒருநாள் ஓட்ட வேண்டும். மாட்டியபின் புதிய பட்டையோடு அதே பாதையில் இன்னொரு நாள். நகர நெரிசலும் சேர்ந்த பாதையாக இருக்கட்டும். நெடுஞ்சாலையில் காற்று உதவும், சிக்னலில் யாரும் உதவ மாட்டார்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் பத்து நிமிடம் விட்டுத்தான் பட்டையைப் பார்க்க வேண்டும். காற்றோட்டம் நின்றதும் தேங்கிய சூடு உறைமேல் ஏறுவது அந்த நேரத்தில்தான். துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் அதைப் பளபளக்கும் தகட்டை நோக்கிப் பிடித்தால் எண் பொய் சொல்லும். பளபளப்பு சூட்டை வீசாததால் தகடு இருப்பதைவிடக் குளிர்ந்ததாகக் காட்டும். கறுப்பு ரப்பரையே நோக்கிப் பிடிக்க வேண்டும். அங்கே எண் 100க்குக் கீழே நின்றால் சாதாரண நியோபிரீன் உறை போதும். 120ஐத் தொட்டால், முதல் தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி விட்டு இரண்டாவது தகடு ஒன்று. அதற்கும் இடமில்லாத காரில் மட்டும் சிலிக்கோன் உறையும் அதிக வெப்பம் தாங்கும் பாலியூரியா கிரீஸும்.